பாட நாவலைத் தொடர்கதையாகப் படிப்பது எப்படி

பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் எங்களுக்கு 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பாடமாக இருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதியது, 59 அத்தியாயம். மும்பை கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் 80 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய சூட்டில் முதல் மூன்று அத்தியாயம் போனது. அதற்கப்புறம் மூன்று வாரம், அடையாளத்துக்குச் செருகிய பழைய ரயில் டிக்கெட் நான்காம் அத்தியாயத்தின் இரண்டாவது பக்கத்தை விட்டு நகரவே இல்லை. தினமும் சயான் ஸ்டேஷனில் புத்தகத்தைப் பையிலிருந்து எடுப்பேன், தாதர் வருவதற்குள் உள்ளே வைத்துவிடுவேன். வகுப்பில் ஆசிரியை இருபதாம் அத்தியாயத்தைத் தாண்டியிருந்தார்.

எனக்குப் படிக்கப் பிடிக்காமல் இல்லை. தாராவியில் தமிழ் வழியில் ஏழாவது வரை படித்துவிட்டு ஆங்கில இலக்கியம்தான் வேண்டும் என்று சண்டை போட்டுச் சேர்ந்தவள் நான். அதனால்தான் அந்த டிக்கெட் நகராதது அவ்வளவு வலித்தது. 'எனக்கு இது வராது போல' என்று ஒரு நாள் முடிவே கட்டிவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடி அறையில் காலேஜ் பிள்ளைகள் ஆறேழு பேர் படிக்க வருகிறார்கள். அவர்களிடமும் அதே முகத்தைப் பார்க்கிறேன். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் உதாரணம் இந்த ஒரு நாவல், ஆனால் வழி எந்தத் தடித்த நாவலுக்கும் பொருந்தும்.

முதலில் புத்தகத்தை வாரப் பத்திரிகையாக்குங்கள்

கையில் இருக்கும் தடிப்புத்தகத்தைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கதையை முதலில் வாசித்தவர்கள் யாரும் அதை இப்படி ஒரே கட்டாகப் பார்க்கவில்லை. டிக்கன்ஸ் தானே நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை இது 36 வாரத் தொடராக வந்தது. முதல் வாரம் இரண்டே அத்தியாயம். சில வாரம் ஒன்றே ஒன்று. ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்து வாசித்ததை நாம் ஒரே ராத்திரியில் விழுங்கப் பார்க்கிறோம், தொண்டையில் அடைத்துக்கொள்கிறது.

தொடர்கதை நமக்குப் புதுசா என்ன? 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்ததுதான். எங்கள் அம்மா மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் தமிழ் வாரப்பத்திரிகை வாங்கி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தாள். ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. அம்மா வாசிக்க வாசிக்க ஆச்சி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். 'தொடரும்' என்று வந்ததும் ஆச்சி, "இந்தப் பாவி இங்க கொண்டு நிறுத்திட்டானே" என்று எழுதினவரைத் திட்டுவாள். அந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்த எனக்கு, என் பாடப் புத்தகமும் அதே சாதிதான் என்று தெரிய இத்தனை நாள் ஆயிற்று. விக்டோரியா காலத்து இங்கிலாந்திலும் வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது சாதாரணம். இந்த நாவலுக்குள்ளேயே, ஊர்ச் சாராயக் கடையில் வாப்ஸ்ல் என்பவர் செய்தித்தாளைக் குரல் மாற்றி மாற்றி நடித்துப் படிக்க, ஊரே கூடிக் கேட்கிற இடம் வருகிறது.

அதனால் செய்ய வேண்டிய முதல் வேலை: பென்சிலை எடுத்துப் புத்தகம் முழுக்கக் கோடு போடுவது. ஒரு அத்தியாயம், பெரிதாக இருந்தால் பாதி, சிறிதாக இருந்தால் இரண்டு. ஒவ்வொரு கோட்டின் கீழும் நான் 'தொடரும்' என்று எழுதினேன். நல்ல குறிப்புகளோடு வரும் சில பதிப்புகளில் எந்த வாரம் எங்கே முடிந்தது என்றே போட்டிருப்பார்கள். அது கிடைத்தால் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்தேன், பலர் முகம் சுளிப்பார்கள். 90 அடி ரோட்டில் ஒரு பைண்டிங் கடை அண்ணாச்சியிடம் புத்தகத்தைக் கொடுத்து மூன்றாக வெட்டித் தனித்தனியாக அட்டை போட்டு வாங்கினேன். "நல்ல புத்தகத்தை ஏம்மா வெட்டச் சொல்லுதே?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். கதையே மூன்று கட்டமாகத்தான் இருக்கிறது: 1 முதல் 19 வரை, 20 முதல் 39 வரை, 40 முதல் 59 வரை. 1861இல் புத்தகமாக வந்தபோதும் மூன்று தொகுதியாகத்தான் வந்தது. பெண்கள் பெட்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் விரிக்க ஒல்லிப் புத்தகம்தான் சரி. முதல் ஒல்லிப் புத்தகம் முடிந்து அலமாரிக்குப் போன அன்று எனக்கு வந்த தெம்பு கொஞ்சமில்லை. சொந்தப் புத்தகமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள், நூலகப் புத்தகத்தில் கை வைக்காதீர்கள். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிற மலிவுப் பதிப்பு மட்டும் வேண்டாம். நாற்பது ரூபாய் மிச்சம் பிடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் யாரும் நாவலை முடித்து நான் பார்த்ததில்லை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தால் பயம் பாதி போய்விடும். இந்த நாவலில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொற்களுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் இரண்டாம் மொழியான நமக்கு நிமிஷத்துக்கு 150 சொல் என்று வைத்தால் மொத்தம் 20 மணி நேரம் சொச்சம். அத்தியாயத்துக்குச் சராசரி 20 நிமிஷம். சயானிலிருந்து கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டிக்கு ஸ்லோ லோக்கலில் ஏறக்குறைய அரை மணி. காலையில் ஒரு அத்தியாயம் படித்துவிட்டு அதற்கு முந்தின மஸ்ஜித் ஸ்டேஷன் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். சாயங்காலக் கூட்டத்தில் படிக்க முடியாது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். காலையில் ஒன்று, ராத்திரி வீட்டில் ஒன்று என்று போனால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். காலையில் மட்டும் என்றால் இரண்டு மாதம். செமஸ்டருக்குள் இரண்டுமே அடங்கும்.

உங்களுக்காகக் காத்திருக்க ஒரு ஆளைப் பிடியுங்கள்

இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியம். கோடு போடுவது, வெட்டுவது எல்லாம் உதவும். ஆனால் என்னை 59ஆம் அத்தியாயம் வரை கொண்டு போனது எங்கள் அப்பா.

அப்பாவுக்கு இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து அம்மாவும் அவரும் அவித்து முடிப்பார்கள். ஆறு மணிக்குச் சைக்கிளில் அலுமினிய அண்டாவைக் கட்டி, சட்னித் தூக்கு ஒரு பக்கம், சாம்பார்த் தூக்கு ஒரு பக்கம் தொங்கவிட்டு, ஹாரனைப் பாம் பாம் என்று அழுத்திக்கொண்டு அன்டாப் ஹில் பக்கம் போவார். பதினொரு மணிக்கு வருவார். மத்தியானம் ஊறப் போட்ட அரிசியும் உளுந்தும் ராத்திரி எட்டு மணிக்குக் கிரைண்டருக்குப் போகும். அது ஓடுகிறவரை வீட்டில் பேச முடியாது. ஒன்பது மணிக்கு நிறுத்தி, அப்பா கல்லைக் கழுவ உட்காரும்போதுதான் வீடு அமைதியாகும்.

அப்படி ஒரு ராத்திரி, மடியில் திறந்தபடி கிடந்த புத்தகத்தைப் பார்த்து, "என்ன கதைட்டி அது?" என்றார். எரிச்சலில்தான் ஆரம்பித்தேன். அம்மா அப்பா இல்லாத ஒரு சின்னப் பையன், பிப் என்று பேர். இடுகாட்டில் தனியாக நிற்கிறான். காலில் விலங்கோடு தப்பி வந்த ஒரு கைதி அவனைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்குகிறான். பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். ஒரு ரொட்டித் துண்டு விழுகிறது. அதை அங்கேயே அள்ளித் தின்கிறான். இன்னும் சாப்பாடு கொண்டு வா என்று மிரட்டி அனுப்புகிறான்.

அப்பா கல்லைக் கழுவுவதை நிறுத்திவிட்டார். "எத்தன நாளு பட்டினியோ" என்றார்.

மறுநாள் ராத்திரி கிரைண்டர் நின்றதும் முதல் கேள்வி: "அந்தப் பய என்னட்டி ஆனான்? சோறு கொண்டு போனானா இல்லையா?" போனான் என்று சொல்லி, மூன்றாம் அத்தியாயம் வரை சொன்னேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது. "இன்னும் படிக்கலப்பா" என்றேன். "சரி, நாளைக்குச் சொல்லு" என்று விட்டுவிட்டார். மூன்று வாரமாக அசையாத டிக்கெட் மறுநாள் காலை இரண்டு அத்தியாயம் நகர்ந்தது.

அந்த இரண்டில் ஐந்தாம் அத்தியாயம் இருந்தது. சிப்பாய்கள் கைதியைப் பிடித்துவிடுகிறார்கள். பையன் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, அவன் வளரும் கொல்லர் வீட்டிலிருந்து பண்டத்தைத் திருடியது தான்தான் என்று கைதி பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான். கொல்லர் ஜோ என்ன சொல்கிறார் தெரியுமா? நீ என்ன தப்பு செய்தாய் என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் அதற்காக நீ பட்டினி கிடந்து சாக வேண்டும் என்று நாங்கள் நினைக்க மாட்டோம் என்கிறார். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அவன்லா மனுஷன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினார். காசில்லை என்று நிற்கிற பிள்ளைகளுக்கு இரண்டு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர் அவர். வகுப்பில் யாரும் சொல்லித் தராத ஒன்றை அன்று அந்த அத்தியாயத்தில் நான் பார்த்தேன். ஜோவைப் பற்றிப் பரீட்சையில் எழுதியதெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தாத்தா, சித்தி, ஹாஸ்டல் என்றால் பக்கத்துக் கட்டில் தோழி. படித்தவராக இருக்க வேண்டியதில்லை, அந்த நாவலைக் கேள்விப்படாதவராக இருந்தால் இன்னும் நல்லது. கூடப் படிக்கிற தோழியைப் பிடிப்பதில் ஒரு ஆபத்து உண்டு: அவளும் படித்திருக்க மாட்டாள், இரண்டு பேரும் சேர்ந்து ஆசிரியையைக் குறை சொல்லிக்கொண்டே செமஸ்டர் போய்விடும். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிஷம் சொன்னால் போதும். தமிழிலேயே சொல்லுங்கள். ஒருவருக்குத் தமிழில் சொல்ல முடிகிற அளவுக்கு ஒரு அத்தியாயம் புரிந்துவிட்டதென்றால் அது உங்களுடையது. சொல்லும்போது எங்கே திக்குகிறீர்களோ அங்கேதான் புரியவில்லை. அந்தப் பக்கத்துக்கு மட்டும் திரும்பிப் போனால் போதும்.

தமிழில் சொல்வதில் இன்னொரு லாபம், உறவுமுறை. ஆங்கிலத்தில் ஜோ வெறும் ஜோதான், பிப்பின் அக்காவும் 'மிஸஸ் ஜோ'தான். அப்பாவிடம் சொல்லும்போது நான் வேறு வழியில்லாமல் 'அக்கா' என்றும் 'அத்தான்' என்றும் சொன்னேன். சொன்ன உடனே படம் தெளிந்தது. பெற்றவர்கள் போனபின் இருபது வயசுக்கு மேல் மூத்த அக்கா வளர்க்கிறாள், தான் வளர்த்ததைச் சொல்லிச் சொல்லியே அடிக்கிறாள், அத்தான்தான் அவளுக்குத் தெரியாமல் பிள்ளையைத் தாங்குகிறார். இது எந்தத் தெருவிலும் இருக்கிற வீடு. பம்பிள்சூக் அத்தானுக்கு மாமா முறை, வந்தாலே பிள்ளையிடம் பெருக்கல் வாய்ப்பாடு கேட்கிறவர். அந்த மாதிரி ஒருவர் எங்கள் சொந்தத்திலும் உண்டு.

வாக்கியமும் சொற்களும்

நீள வாக்கியத்தில்தான் பலர் கையை விரிக்கிறார்கள். தமிழில் வினை கடைசியில் வரும், அதுவரை காத்திருக்க நமக்குப் பழக்கம். டிக்கன்ஸ் வாக்கியத்தில் வினை நடுவில் வந்துவிட்டு, அப்புறம் வால் நீண்டுகொண்டே போகும். கடைசிவரை போய் 'என்னதான் சொன்னார்' என்று தேடினால் கிடைக்காது. முதலில் வினையைப் பிடியுங்கள். யார், என்ன செய்தார் என்று தெரிந்ததும் மற்றதெல்லாம் அதற்குத் தொங்கட்டான்.

நாவலின் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பேர் பிர்ரிப், தன் பேர் பிலிப், குழந்தை நாக்கில் இரண்டும் சேர்ந்து பிப் என்பதற்கு மேல் வரவில்லை. விஷயம் அவ்வளவுதான். எங்கள் தம்பி முத்துக்குமாரு என்று சொல்ல வராமல் தன்னை 'முக்கு' என்றான், இன்றுவரை தெருவில் அவன் முக்குதான். ஆனால் அந்த ஆங்கில வாக்கியத்தின் உடுப்பைப் பார்த்து நான் பயந்து, மூன்று தடவை படித்தும் புரியாமல் நின்றேன். பெரிய வாக்கியத்துக்குள் இருப்பது பெரும்பாலும் வீட்டு விஷயம்தான்.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். அத்தியாயத்துக்கு மூன்று சொல் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். மற்றதை அடிக்கோடிட்டுவிட்டு மேலே போவேன். ஐந்து பக்கம் தாண்டினால் அதில் பாதி தானாகப் புரிந்துவிடும். சில சொல் அகராதியில் பார்த்தாலும் உடனே மாட்டாது. முதல் அத்தியாயத்தில் கைதி 'விட்டில்ஸ்' கொண்டு வா என்கிறான். அச்சில் அது டபிள்யூவில் ஆரம்பிக்கிறது. நான் அரை மணி தேடினேன். சாப்பாடு என்ற அர்த்தமுள்ள பழைய ஆங்கிலச் சொல், வி எழுத்தில் தொடங்குவது. அந்த ஆள் பேச்சில் வி எல்லாம் டபிள்யூ ஆகிவிடுகிறது. இந்த மாதிரி இடத்தை வாய்விட்டுப் படித்துவிட்டால் காது கண்டுபிடித்துவிடும். திருநெல்வேலியில் 'வந்தாக, போனாக' என்பதை எழுத்தில் பார்க்கிற வெளியூர்க்காரர் முழிப்பார், காதில் விழுந்தால் முழிக்க மாட்டார். ஜோ, கைதி இரண்டு பேர் பேச்சையும் எப்போதும் உரக்கப் படியுங்கள். ரயிலில் முடியாது என்றால் லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் படித்த ஒலிப்பதிவு இலவசமாக இருக்கிறது. ஒரு காதில் மாட்டிக்கொண்டு கண்ணால் கூடவே வாருங்கள். புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் முழு நாவலும் இலவசம். அதைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் ஒரு பெரிய வசதி: 'யார் இந்த ஆள்?' என்று தோன்றும்போது பேரைப் போட்டுத் தேடி, முதலில் எங்கே வந்தார் என்று பார்த்துவிடலாம்.

பேர்கள் குழம்பாமல் இருக்க, கடைசி வெற்றுப் பக்கத்தில் ஒரு பட்டியல் வையுங்கள். பேர், உறவு, ஒரு அடையாளம். அடையாளத்தை டிக்கன்ஸே கொடுத்துவிடுகிறார். வக்கீல் ஜாக்கர்ஸ் கட்சிக்காரரை அனுப்பிவிட்டு வாசனைச் சோப்பால் கை கழுவுகிறார். அவருடைய குமாஸ்தா வெம்மிக்கின் வாய் தபால் பெட்டித் துவாரம் மாதிரி இருக்கிறது. ஹாவிஷம் என்ற பணக்கார அம்மாள் வீட்டில் எல்லாக் கடிகாரமும் 8.40இல் நிற்கிறது, கல்யாண உடுப்பைக் கழற்றவே இல்லை, ஒரு காலில்தான் செருப்பு.

பொருட்களையும் இதேபோல் குறித்து வைத்தால் நாவல் தன்னையே திறந்து காட்டும். முதல் அத்தியாயத்தில் கைதி சாப்பாட்டோடு ஒரு அரம் கேட்கிறான், விலங்கை அறுக்க. பையன் அத்தான் பட்டறையிலிருந்து எடுத்துப் போகிறான். நாம் மறந்துவிடுவோம். பத்தாம் அத்தியாயத்தில் சாராயக் கடையில் யாரோ ஒரு அந்நியன், பிப் பார்க்கும்படியாகத் தன் கோப்பையைக் கலக்குகிறான். கரண்டியால் அல்ல, அந்த அரத்தால். சின்ச்போக்ளி தாண்டும்போது அந்த வரியைப் படித்தேன், மேலெல்லாம் சில்லென்றது. பட்டியலில் 'அரம் - அத். 1' என்று எழுதியிருந்ததால்தான் பிடிபட்டது. எழுதாதவர்களுக்கு அது வெறும் இரும்புத் துண்டு.

விட்டுப்போனால், அலுத்துப்போனால்

பரீட்சை, காய்ச்சல், ஊர்த் திருவிழா, ஏதோ ஒன்றில் ஒரு வாரம் விட்டுப்போகும். மறுபடி முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்கிற தப்பை மட்டும் செய்யாதீர்கள். முதல் ஐந்து அத்தியாயத்தை நான்கு தடவை படித்து, ஆறாவதைப் பார்க்காத பிள்ளைகள் என்னிடமே வந்திருக்கிறார்கள். நம் வாரப்பத்திரிகைகள் இதற்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன: முன்கதைச் சுருக்கம். ஒவ்வொரு 'தொடரும்' கோட்டுக்கும் கீழே இரண்டு வரி நீங்களே எழுதி வையுங்கள். விட்டுப்போனால் அந்த வரிகளை மட்டும் படித்துவிட்டு, நிறுத்திய பக்கத்திலிருந்து தொடருங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் இந்த வரிகள்தான் உங்கள் நோட்ஸ்.

அலுப்பு எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். பிப் லண்டனுக்குப் போனபின், 22, 23ஆம் அத்தியாயங்களில் பாக்கெட் குடும்பத்து வீட்டுக் கூத்து நீளும். 31இல் வாப்ஸ்ல் நாடகம் போடுகிறார். இவற்றை வேகமாகத் தாண்டிப் போகலாம் என்பது என் கருத்து, பேராசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. நேரத்தை 1, 7, 8, 27, 39, 49 என்ற ஆறு அத்தியாயங்களுக்குச் சேமித்து வையுங்கள். ஏழில் பிப் சிலேட்டில் கடிதம் எழுதிக் கொடுக்க, ஜோ அதில் தன் பேரின் இரண்டு எழுத்தை மட்டும் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுகிறார். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது அவ்வளவுதான். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது, அம்மா வாசிக்கும் பக்கத்தை எட்டி எட்டிப் பார்ப்பாள். எட்டில், சீட்டாட்டத்தில் ஒரு சீட்டின் பேரைப் பிப் ஊர் வழக்கில் சொல்லிவிட, ஹாவிஷம் அம்மாள் வளர்க்கும் பெண் எஸ்டெல்லா, அவன் கை முரட்டுக் கை, பூட்ஸ் தடிப் பூட்ஸ் என்று ஏளனம் செய்கிறாள். முதல் வருஷ வகுப்பில் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி இருக்கிறபடியே படித்துவிட்டு, சிரிப்புச் சத்தத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அத்தியாயத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு பக்கம் எங்காவது இருக்கும், அது வரும்வரை போங்கள்.

39இல் என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கடையில் விற்கிற கைடுகளில் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். கைடு வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு அத்தியாயத்தை நீங்கள் படித்த பிறகு அந்த அத்தியாயத்துக்கான சுருக்கத்தை மட்டும் பாருங்கள். சினிமாவாக எடுத்ததைப் பார்ப்பதையும் 39 தாண்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாடத்தில் வேறு நாவல் என்றால் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். 'மிடில்மார்ச்' 1871-72இல் எட்டுப் பகுதியாக வந்தது, அதையே எட்டுத் தவணையாக வைக்கலாம். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813இல் மூன்று தொகுதியாக வந்தது, 61 அத்தியாயம் இருந்தாலும் பல அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, ஒரே பயணத்தில் இரண்டு மூன்று போகும். 'வதரிங் ஹைட்ஸ்' 34 அத்தியாயம்தான், ஆனால் அம்மாவுக்கும் மகளுக்கும் காதரீன் என்று ஒரே பேர். அதற்கு முதலில் ஒரு வம்சாவளி வரைந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

27ஆம் அத்தியாயம் படித்த அன்று ராத்திரி அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிப்பைப் பார்க்க ஜோ அத்தான் லண்டனுக்கு வருகிறார், நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு. தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கணப்பின் மேல் விளிம்பில் வைக்கிறார், அது விழுந்துகொண்டே இருக்கிறது, பிடித்துப் பிடித்து வைக்கிறார். தான் தூக்கி வளர்த்த பிள்ளையை 'சார்' என்கிறார். பிப்புக்கு அவர் எப்போது போவார் என்று இருக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டே வந்தேன், அப்பா கேட்டார்: "சாப்பிட்டுட்டாவது போனானா?"

"காலையில என்னமோ கொறிச்சார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவீங்களான்னு கேட்டதுக்கு வரலைன்னுட்டுப் போயிட்டார்."

அப்பா கிரைண்டர் துணியை இறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டார். "நாளைக்கு எத்தன படிப்ப?" என்றார். ரெண்டு என்றேன். நான்கு படித்தேன்.

கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் ஒன்றைத் தவறவிடாதீர்கள். டிக்கன்ஸ் முதலில் ஒரு முடிவு எழுதினார். அது வெளிவருமுன் அவருடைய நண்பர், நாவலாசிரியர் புல்வர் லிட்டன், அதை மாற்றச் சொல்லவே வேறு ஒரு முடிவு எழுதினார். நாம் படிப்பது அதைத்தான். பழைய முடிவு சில பத்திதான், பல பதிப்புகளில் பின்னிணைப்பாக இருக்கும். இரண்டையும் படித்து, உங்களுக்கு எது சரி என்று படுகிறது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பரீட்சையில் இது கேள்வியாக வர நல்ல வாய்ப்பு உண்டு, வராவிட்டாலும் உங்களுக்கென்று ஒரு கருத்து இருக்கும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டையும் வீட்டில் சொன்னேன். அப்பா முதலில் எழுதியதுதான் சரி என்றார். அம்மா, அது எப்படிச் சரியாகும், இத்தனை பட்ட பிள்ளைக்கு என்று மாற்றியதன் பக்கம் நின்றாள். எட்டரை மணி ஆகியும் உளுந்து கிரைண்டருக்குள் போகவில்லை.